அமைச்சரவை அறைக்குள் ஓர் எழுதுகோல் நுழைந்த கதை

இலங்கைப் பத்திரிகைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு 'அமைச்சரவைத் தீர்மானங்கள்' என்ற சொற்றொடர் புதியதல்ல. வாரந்தோறும் அமைச்சரவை கூடும். கூடிய பின்னர் செய்தியாளர்களை அழைத்து, எடுக்கப்பட்ட தீர்மானங்களை இலக்கமிட்ட பட்டியலாகக் கையளிப்பார்கள். அந்தப் பட்டியலில் எது செய்தி, எது வெறும் சம்பிரதாயம் என்று பிரித்தறிந்து எழுதுவது கொழும்பில் பணிபுரியும் பத்திரிகையாளனின் வழமையான கடமைகளுள் ஒன்று. நானும் பல ஆண்டுகள் அதனைச் செய்திருக்கின்றேன். அமைச்சரவை என்றால் நிகழ்ச்சி நிரல் இருக்கும், செயலாளர் இருப்பார், முடிவுகள் எழுத்தில் பதியப்படும் என்பதெல்லாம் நமக்கு இயற்கை விதி போலவே தோன்றுகின்றன.

ஆனால், அமைச்சரவை ஆட்சிமுறையை உலகுக்குக் கொடுத்த பிரித்தானியாவில் 1916ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை இவற்றில் எதுவுமே இருக்கவில்லை. பூமிப்பந்தின் காற்பங்கை ஆண்ட ஒரு பேரரசின் அதியுயர் கூட்டம், நமது ஊர் வாசிகசாலை நிர்வாகசபை பின்பற்றும் ஒழுங்கைக் கூடப் பின்பற்றாமல் நடைபெற்று வந்தது. அந்த ஒழுங்கு எவ்வாறு வந்தது, அது வருவதற்கு முன்னர் எத்தனை உயிர்கள் போயின என்பதையே இங்கு எழுத விரும்புகின்றேன்.

அலுவலகக் கூட்டங்களைப் பயனுள்ளதாக்குவது எப்படி என்று சொல்லும் நூல்கள் இன்று கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நேரத்துக்குத் தொடங்குங்கள், கைத்தொலைபேசியை நிறுத்தி வையுங்கள், நின்றுகொண்டே பேசுங்கள் என்றெல்லாம் அவை அறிவுரை கூறுகின்றன. அவை தவறானவை அல்ல. ஆயினும் ஒரு கூட்டம் எங்கே பழுதடைகின்றது என்பதை அறிய, அறிவுரைகளைக் காட்டிலும் வரலாறே நமக்கு நல்ல ஆசான்.

முடிவு என்னவென்று தெரியாத அமைச்சர்கள்

பழைய பிரித்தானிய அமைச்சரவையின் வழக்கம் இதுதான். பிரதமர் அழைப்பார், அமைச்சர்கள் டவுனிங் வீதி 10ஆம் இலக்க இல்லத்தில் கூடுவார்கள். என்ன விடயம் பேசப்படப் போகின்றது என்பது பலருக்கு முன்கூட்டியே தெரியாது. வெளியார் எவரும் அறைக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. குறிப்பெடுப்பவர் என்று ஒருவர் இல்லை. இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். கூட்டம் முடிந்ததும் பிரதமர் தம் கைப்பட மன்னருக்கு ஒரு கடிதம் எழுதுவார். நடந்ததற்கு இருந்த ஒரே பதிவு அதுதான். அக்கடிதம் மன்னருக்குரியது. தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டிய அமைச்சரோ, அவருடைய திணைக்களமோ அதனைப் பார்ப்பதில்லை.

இதன் விளைவு சில வேளைகளில் நகைப்புக்குரியதாக அமைந்தது. 1882ஆம் ஆண்டு எகிப்தின் அலெக்சாந்திரியா நகரைப் பிரித்தானியக் கடற்படை பீரங்கி கொண்டு தாக்கியது. கிளாட்ஸ்டன் அமைச்சரவையிலிருந்த ஜோன் பிரைட் அதனை எதிர்த்துப் பதவி துறந்தார். அந்நாட்களில் ஹார்ட்டிங்டன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர், பிரதமரின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல்நாள் அமைச்சரவையில் நடந்தது என்னவென்று இரண்டு அமைச்சர்கள் வந்து தமது தலைவரைக் கேட்டதாகவும், அவர்களுக்கும் விளங்கவில்லை, தமது தலைவருக்கும் விளங்கவில்லை என்றும், பிரைட் பதவி விலகியிருப்பதால் ஏதோ ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும் என்றும், அது என்ன என்று தயவுசெய்து தெரிவிக்குமாறும் அதில் கேட்டிருந்தார். ஒருவர் பதவி துறந்ததை வைத்துத்தான் தீர்மானம் ஒன்று இருந்ததையே மற்றவர்கள் ஊகித்தறிய வேண்டியிருந்தது.

1908 முதல் பிரதமராக இருந்த அஸ்குவித் காலத்திலும் இந்நிலை மாறவில்லை. அவர் வெனீசியா ஸ்டான்லி என்ற இளம்பெண்ணுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதி வந்தார். அவற்றுட் சில அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டவை. அரசாங்க இரகசியங்களும் அவற்றில் தாராளமாக இடம்பெற்றன. வெளியார் எவரையும் உள்ளே விடாத இரகசியக் காப்பின் இலட்சணம் அது. முதலாம் உலக யுத்தத்தின் தொடக்க மாதங்களில் அந்த அமைச்சரவைக்குள் என்ன நடந்தது என்பதை அறிய இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்தக் கடிதங்களையும் நாட வேண்டியுள்ளது.

மௌனம் சம்மதமாகிய மாலை

யுத்தம் தொடங்கியபோது, இருபது பேருக்கு மேற்பட்ட அமைச்சரவை போரை நடத்த இயலாது என்பது விரைவில் விளங்கியது. 1914 நவம்பரில் யுத்த சபை என்ற சிறிய அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் செயலாளர் மொறிஸ் ஹாங்கி. கடற்படையின் மரீன் பிரிவைச் சேர்ந்த அதிகாரி; 1912 முதல் ஏகாதிபத்தியப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். நமது கதையின் நாயகர் இவர்தான்.

1915 ஜனவரி 13ஆம் திகதி யுத்த சபை நாள் முழுவதும் கூடியது. மாலையாகிவிட்டது. மேசையெங்கும் கடதாசிகள், எல்லோர் முகத்திலும் களைப்பு. அவ்வேளையில் கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில், கப்பல்களை மட்டும் கொண்டு டார்டனல்ஸ் நீரிணையை ஊடறுத்துச் செல்லும் திட்டத்தை முன்வைத்தார். சோர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேற்குப் போர்முனையின் சேற்றிலிருந்து விடுபட ஒரு வழி தெரிந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. கலிப்பொலி தீபகற்பத்தைத் தாக்கிக் கைப்பற்றவும், கொன்ஸ்தாந்திநோபிளை இலக்காகக் கொள்ளவும் பெப்ரவரியில் கடற்படை ஆயத்தமாக வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது.

அந்தத் தீர்மானத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கப்பல்கள் ஒரு கரையைத் தாக்கலாம். ஆனால் நிலப்பரப்பொன்றைக் கப்பல்கள் எவ்வாறு 'கைப்பற்றும்'? தரைப்படை தேவையா, இல்லையா? இது ஆயத்தம் செய்யுமாறு கூறும் உத்தரவா, அல்லது தாக்குதலுக்கான அங்கீகாரமா? பின்னர் விசாரணை நடைபெற்றபோது, அறையில் இருந்தவர்கள் அதனை வெவ்வேறாக விளங்கிக்கொண்டிருந்தமை தெரியவந்தது. ஆக, இங்கு தீர்மானம் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட வாக்கியத்தில் தெளிவு இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு வேறொன்று. கடற்படையின் இரு முதுபெரும் அட்மிரல்கள், ஃபிஷர் பிரபுவும் சேர் ஆர்தர் வில்சனும், அந்த அறையிலேயே அமர்ந்திருந்தார்கள். திட்டத்தை எதிர்த்து அவர்கள் வாய் திறக்கவில்லை. தாங்கள் அமைச்சருக்கு ஆலோசனை கூற வந்தவர்கள், சபையில் அமைச்சருக்கு மாறாகப் பேசுவது முறையல்ல என்பது அவர்களின் எண்ணம். அவர்கள் மறுத்துப் பேசாததால் உடன்படுகின்றார்கள் என்பது மற்றவர்களின் எண்ணம். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இரண்டு வாரங்களின் பின்னர், ஜனவரி 28ஆம் திகதிக் கூட்டத்தில் ஃபிஷர் எழுந்து வெளியேற முற்பட்டார். கிச்சினர் பிரபு பின்தொடர்ந்து சென்று, சாளரத்தருகே நின்று அவரைச் சமாதானப்படுத்தி மீண்டும் மேசைக்கு அழைத்து வந்தார். ஒரு முதிய கடற்படைத் தளபதி கதிரையை விட்டு எழுந்து செல்கின்றார் என்றால், ஏன் என்று அந்தச் சபை வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச் 18ஆம் திகதி கடற்படை தாக்கியது. மூன்று போர்க்கப்பல்கள் கண்ணிவெடிகளால் மூழ்கின. திட்டம் அத்துடன் உருமாறியது. கப்பல்களின் வேலையாக இருந்தது, இப்போது தரைப்படையின் வேலையாகியது. இத்தகைய பெரும் மாற்றத்தை ஆராய யுத்த சபை எத்தனை தடவை கூடியது? மார்ச் 19ஆம் திகதிக்குப் பின்னர் மே 14ஆம் திகதி வரை அது கூடவே இல்லை. ஏப்ரல் 25ஆம் திகதி அவுஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் கரையிறங்கின. அந்தத் தரையிறக்கத்தை முறைப்படி அமர்ந்து ஆராய்ந்த கூட்டம் ஒன்று லண்டனில் நடக்கவில்லை. 1917இல் வெளிவந்த டார்டனல்ஸ் விசாரணைக் குழுவின் முதலாவது அறிக்கை, நிபுணர்களின் கருத்தைக் கேட்டறியத் தவறியதையும், இந்த நீண்ட இடைவெளியையும் குறைகூறியது. கூட்டங்கள் மலிந்துவிட்டன என்று அலுத்துக்கொள்பவர்கள், கூட வேண்டிய நேரத்தில் கூடாமல் விட்ட ஒரு கூட்டத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முப்பத்தேழு நாட்கள்

இலையுதிர் காலம் வந்தபோது கலிப்பொலியில் வெற்றி இல்லை என்பது வெளிப்படை. புதிய தளபதியாக அனுப்பப்பட்ட ஜெனரல் மொன்றோ, நேரில் பார்வையிட்டு, அக்டோபர் 31ஆம் திகதி, படைகளை மீட்டெடுத்துவிடுங்கள் என்று தந்தியனுப்பினார். இனி வேண்டியது ஒரு முடிவு மட்டுமே.

ஆனால் முடிவெடுப்பது யார்? யுத்த சபை பெயர் மாறி, உருமாறி, இப்போது யுத்தக் குழு என்று அழைக்கப்பட்டது. அந்தக் குழு பேசி முடித்ததை முழு அமைச்சரவை மீண்டும் முதலிலிருந்து பேசும். மொன்றோவின் சொல் போதாதென்று கிச்சினரே நேரில் பார்க்கப் புறப்பட்டார். நவம்பர் 23ஆம் திகதி யுத்தக் குழு, படைகளை விலக்குமாறு பரிந்துரைத்தது. மறுநாள் அமைச்சரவை கூடியது. கேர்சன் பிரபு மறுத்தார். படைகளை விலக்கினால் பேரழிவு ஏற்படும் என்பது அவர் வாதம். தமது மறுப்பை எழுத்தில் தருவதற்கு அவர் அவகாசம் கேட்டார். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. விலகக்கூடாது என்று வாதிட்டவர்களுள் ஹாங்கியும் ஒருவர் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

லண்டனில் கடதாசிகள் கைமாறிக்கொண்டிருந்த அதே வேளையில், நவம்பர் மாதத்தின் கடைசி நாட்களில், கலிப்பொலியில் புயல் அடித்தது. முதலில் பெருமழை. பதுங்குகுழிகள் வெள்ளத்தில் மூழ்கின. பின்னர் பனி. நனைந்த உடையுடன் நின்ற வீரர்கள் உறைந்து போனார்கள். 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிரால் கைகால் மரத்துப் போய் அகற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அமைச்சரவை தன் முடிவை எடுத்தது டிசம்பர் 7ஆம் திகதி. மொன்றோவின் தந்திக்கும் அந்த முடிவுக்கும் இடையில் 37 நாட்கள். அந்த 37 நாட்களுக்குள்தான் அந்தப் புயல்.

படைகளை விலக்கும்போது மூன்றிலொரு பங்கினரை இழக்க நேரிடலாம் என்று அஞ்சியே அவ்வளவு விவாதமும் நடந்தது. உண்மையில் 1915 டிசம்பர் 20ஆம் திகதியும் 1916 ஜனவரி 9ஆம் திகதியும் முடிவடைந்த இரண்டு கட்ட வெளியேற்றத்தில் ஏறத்தாழ உயிரிழப்பே இல்லை. அந்தப் படையெடுப்பு முழுவதிலும் மிகச் சிறப்பாக நடந்தேறிய காரியம் அதுவே என்று சொல்வார்கள். யார் எந்த வேலையை எந்த வேளைக்குச் செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கப்பட்டுச் செய்யப்பட்ட காரியமும் அதுதான்.

கலிப்பொலியில் இரு தரப்பிலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்காவலர்களாக இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையைச் சேர்ந்தவர்களும் அக்கரையில் இருந்தார்கள். இவ்வளவு சாவுக்கும் மோசமான கூட்டங்கள்தான் காரணம் என்று நான் கூறவில்லை. எதிரியின் வலிமை, நிலத்தின் அமைப்பு, தளபதிகளின் தவறுகள் என்று காரணங்கள் பல. ஆனால் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். அக்காலத்துப் பிரித்தானியாவின் மிகக் கூரிய மூளைகள் அங்கேதான் இருந்தன. தனித்தனியே கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் கூடியிருந்தபோது தடுமாறினார்கள். ஆகவே கோளாறு ஆட்களிடத்தில் மட்டும் இருக்கவில்லை. கூடும் முறையிலும் இருந்தது.

ஹாங்கி கொண்டுவந்த ஒழுங்கு

1916 டிசம்பரில் அஸ்குவித் வீழ்ந்தார். டிசம்பர் 7ஆம் திகதி லோயிட் ஜோர்ஜ் பிரதமரானார். இரண்டு நாட்களில் புதிய யுத்த அமைச்சரவை தன் முதற் கூட்டத்தை நடத்தியது. அதில் ஐந்தே ஐந்து பேர். லோயிட் ஜோர்ஜ், பொனர் லோ, கேர்சன், மில்னர், தொழிற்கட்சியைச் சேர்ந்த ஹென்டர்சன். மேசையின் ஓரத்தில் ஆறாவதாக ஒருவர், கையில் எழுதுகோலுடன். அவர் ஹாங்கி. பிரித்தானிய அமைச்சரவையின் வரலாற்றில் அப்படி ஒருவர் அமர்ந்தது அதுவே முதற்றடவை.

அவர் நிறுவிய ஒழுங்கு இன்று கேட்பவர்களுக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும். பேசப்படவுள்ள விடயங்கள் நிரற்படுத்தப்பட்டன. அவற்றுக்கான பத்திரங்கள் முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. துறைசார் அமைச்சர்களும் தளபதிகளும் அதிகாரிகளும் தத்தமக்குரிய விடயம் வரும்போது அழைக்கப்பட்டார்கள், முடிந்ததும் போய்விடலாம். அழைக்கப்பட்டவர் பேசத்தான் வேண்டும், ஏனெனில் அவர் அழைக்கப்பட்டதே பேசுவதற்காக. கூட்டம் முடிந்ததும் தீர்மானங்கள் தாமதமின்றி வரையப்பட்டு, உறுப்பினர்களுக்கும், அதனை நிறைவேற்ற வேண்டிய திணைக்களத்துக்கும் அனுப்பப்பட்டன. மன்னருக்குச் சென்ற ஒற்றைக் கடிதத்தின் இடத்தை, வேலை செய்ய வேண்டியவரின் மேசைக்குச் செல்லும் பத்திரம் பிடித்துக்கொண்டது.

என் கருத்தில், கதையின் திருப்புமுனை இந்தக் கடைசி விடயம்தான். குறிப்பெடுப்பது பெரிய காரியமல்ல. யுத்த சபையிலும் ஹாங்கி குறிப்பெடுத்துத்தான் வந்தார். எழுதப்பட்டது எங்கே போகின்றது என்பதுதான் காரியம். பேழைக்குள் போகும் எழுத்து வரலாற்றாசிரியனுக்குப் பயன்படும். செய்ய வேண்டியவனின் கைக்குப் போகும் எழுத்துத்தான் அந்தக் கூட்டத்துக்குப் பயன்படும்.

1918 ஜூன் மாதம் பிரபுக்கள் சபையில் ஒருவர் எழுந்து பழைய முறையை விவரித்தார். நிகழ்ச்சி நிரல் இல்லை, ஒழுங்கு இல்லை, பதிவு இல்லை, என்ன முடிவெடுத்தோம் என்று அமைச்சர்களுக்கே சரியாகத் தெரியாது என்று அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அவர் வேறு யாருமல்லர். 1915 நவம்பரில் அவகாசம் கேட்ட அதே கேர்சன் பிரபுதான்.

புதிய முறை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவில்லை. 1917இல் பஷன்டேல் தாக்குதலுக்கு அனுமதி வழங்கியவர்களும் இதே யுத்த அமைச்சரவையினர்தாம். அங்கே பத்திரங்கள் இருந்தன, நிபுணர்கள் பேசினார்கள், ஐயங்கள் எழுப்பப்பட்டன, எல்லாம் பதிவாகின. இருந்தும் தாக்குதல் நடந்தது; பெருந்தொகையானோர் சேற்றில் மாண்டனர். நல்ல ஒழுங்கு நல்ல முடிவுக்கு உத்தரவாதமாகாது. ஆனால் யார் எதை அறிந்து, எதற்கு உடன்பட்டார் என்பதை மறைக்க முடியாமற் செய்கின்றது. அடுத்த தடவை அமரும்போது, அறிந்திருக்கவில்லை என்று எவரும் தப்பிக்க இயலாது.

1922இல் லோயிட் ஜோர்ஜ் வீழ்ந்தபோது இந்தச் செயலகத்தையும் ஒழித்துவிட வேண்டும் என்று பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் குரலெழுப்பினர். ஆட்கள் குறைக்கப்பட்டனர், செயலகம் பிழைத்துக்கொண்டது. ஒருமுறை எழுத்தில் முடிவைக் கண்டு பழகிய அமைச்சர்கள் மீண்டும் ஊகத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. ஹாங்கி 1938 வரை அப்பதவியில் இருந்தார்.

ஐந்து பேர் என்ற எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நோர்த்கோட் பார்க்கின்சன், 1957இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலில், அமைச்சரவைகளும் ஆலோசனைச் சபைகளும் காலப்போக்கில் எவ்வாறு வீங்கிச் செயலிழக்கின்றன என்பதை எள்ளலுடன் எழுதினார். சுமார் இருபது பேரைத் தாண்டியதும் மேசையின் இரு முனைகளிலும் தனித்தனிப் பேச்சுகள் தொடங்கிவிடும் என்பது அவர் கணிப்பு. அஸ்குவித்தின் மேசையும் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

கொழும்புக்கு வந்த வழி

இந்த ஒழுங்கு இலங்கைக்கு நேரடியாக வரவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு நமக்குக் கொடுத்தது வேறொரு பரிசோதனை. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்தது; அத்தலைவரே அமைச்சர். ஆட்சியே குழுக்கூட்டங்களால் நடத்தப்பட்டது. அமைச்சர் ஒருவர் முடிவெடுக்க வேண்டுமெனில் குழு கூட வேண்டும். கொள்கையைப் பேச வேண்டிய குழுக்கள் நிர்வாகத்தின் சில்லறை விவகாரங்களிலும் தலையிட்டன என்றும், ஏழு குழுக்களும் ஏழு அரசாங்கங்கள் போல இயங்கின என்றும் விமர்சனங்கள் எழுந்தன.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதே குழுமுறையின் கீழ்தான் கன்னங்கராவின் தலைமையில் கல்விக்கான விசேட குழு தனது அறிக்கையை 1943இல் வெளியிட்டது. இலவசக் கல்வி அதிலிருந்து பிறந்தது. என்னைப் போன்று கிராமத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை சென்றவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டங்களின் பயனை உண்டவர்கள். அக்குழுவுக்குத் தெளிவான ஒரு கேள்வி இருந்தது. அதன் விடை எழுத்தில் வந்தது. அதனைச் சபையில் வாதாடி நிறைவேற்ற ஓர் ஆள் இருந்தார்.

பின்னர் சோல்பரி அரசியலமைப்புடன் அமைச்சரவை முறை வந்தது. அமைச்சரவைச் செயலாளர் என்ற பதவியும் சேர்ந்தே வந்தது. அந்த அரசியலமைப்பின் உருவாக்கத்தில் டி.எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்தவர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரும் அவரே. பிரித்தானிய அமைச்சரவை முறை பற்றி 1936இல் பெருநூல் எழுதியிருந்தவரும் அவரே. பேராதனையில் கலைப்பீடத்தில் பயின்ற என் தலைமுறையினர் ஜெனிங்ஸ் என்ற பெயரைக் கட்டடங்களின் வழியாகவே அறிந்திருந்தோம். லண்டன் மேசையோரத்தில் ஹாங்கி பிடித்த எழுதுகோல் கொழும்பு மேசைக்கும் வந்துசேர்ந்தது.

ஒழுங்கு வந்தது; அதன் உட்பொருள் எப்போதும் வந்ததா என்பது வேறு கேள்வி. இனப்பிரச்சினைக்குத் தீர்வு காண 2006இல் அமைக்கப்பட்ட சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் திஸ்ஸ விதாரண தலைமையில் அது 100க்கும் அதிகமான தடவைகள் கூடியது. உறுப்பினர்கள் உழைத்தார்கள். நிகழ்ச்சி நிரலுக்குக் குறைவில்லை, பதிவுகளுக்கும் குறைவில்லை. இறுதி அறிக்கை ஜனாதிபதியிடம் சென்றது. அரசாங்கம் அதனை உத்தியோகபூர்வமாக வெளியிடவில்லை. 2010இல் உறுப்பினர்கள் இருவர் தாமாகவே அதனைப் பகிரங்கப்படுத்தினர். எழுத்து சரியாகத்தான் இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய மேசையில், அதைச் செய்யும் எண்ணம் இருக்கவில்லை. காலத்தைக் கடத்துவதற்காகக் கூட்டப்படும் கூட்டத்தை எந்தச் செயலாளராலும் பயனுள்ளதாக்க முடியாது.

கணக்கும் எழுத்தும் நம்மவர்க்குப் புதியவை என்று எவரும் எண்ண வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் விதிகளைக் கூறுகின்றன. அது பிராமணர் ஊரின் சபை. எல்லோருக்கும் இடமளித்த சபையல்ல. ஆயினும் அதில் ஒரு விதி உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் குடவோலையில் இடம்பெறக்கூடாது. சென்ற கூட்டத்தின் பொறுப்பை முடிக்காதவருக்கு அடுத்த கூட்டத்தில் இடமில்லை என்பதே அதன் சாரம்.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வரை, பழைய மாணவர் சங்கம், ஊர்ச்சங்கம், ஆலய பரிபாலன சபை என்று நம்மவர் கூடாத வாரம் இல்லை. தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு, பொருளாளர் அறிக்கை, நன்றியுரை என்று எல்லாம் முறைப்படியே நடக்கின்றது. அறிக்கை வாசிக்கப்படும்போதுதான் பலர் தேநீர் குடிக்க எழுந்து செல்கின்றார்கள். நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகங்களிலும் நிலைமை இதுதான். காலை ஆசிரியர் கூட்டத்தில் பத்துப் பேர் பேசுவோம். இன்ன செய்தியை இன்னார் இத்தனை மணிக்குள் தருவார் என்று பலகையில் எழுதப்பட்ட நாட்களில் பத்திரிகை நேரத்துக்கு அச்சேறியது. 'பார்த்துக்கொள்வோம்' என்று எழுந்த நாட்களில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே, அந்த அறிக்கை வாசிக்கப்படும் ஐந்து நிமிடங்களில் மட்டுமாவது கதிரையை விட்டு எழாதீர்கள். சென்ற முறை என்ன முடிவெடுத்தோம், அதை யார் செய்வதாக ஏற்றார், செய்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஐந்து நிமிடங்களில்தான் இருக்கின்றது. அறையின் மூலையில் அனுபவசாலி ஒருவர் வாய் மூடி அமர்ந்திருந்தால், அவருக்குச் சம்மதம் என்று எண்ணிவிடாமல், உங்கள் எண்ணம் என்ன என்று கேளுங்கள். 1915 ஜனவரி 13ஆம் திகதி மாலையில், களைத்துப்போன அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுள் ஒருவர் அட்மிரல் ஃபிஷரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், கப்பல்கள் போவதற்கு முன்னரே அவருடைய மறுப்பு அந்த மேசைக்கு வந்திருக்கும். அதனைக் கேட்பதற்கு எந்த அரசியலமைப்பும் தேவைப்படவில்லை.